ஒரு நோயாளிக்கு இரண்டு சீட்டு ஏன்?

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு விடியும் முன்பே புறப்படும் ரயிலில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்த ரயிலால்தான். காலையில் போகிறவர்கள் இரவில் திரும்புகிறார்கள். இரவு வண்டியில் மட்டும் ஒருவர் இருவர் உட்காருவதில்லை. கதவோரம் நின்று, வெளியே இருட்டைப் பார்த்துத் தனக்குத் தானே பேசிக்கொண்டு வருவார்கள். கிட்டப் போனால் பிராந்தி வாடை அடிக்கும். "குடிகாரன்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அவர் குடித்ததால் பேசுகிறாரா, காதில் கேட்கும் பேச்சு அடங்க வேண்டும் என்பதற்காகக் குடிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை. பல சமயங்களில் ஆஸ்பத்திரியிலும் கேட்பதில்லை.

இரண்டு வாசல்கள்

இப்படிப்பட்ட ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். ஸ்ரீராமபுரத்திலும் இருப்பார், அல்சூரிலும் இருப்பார், தங்கவயலிலும் இருப்பார். பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில் லேத் வேலை. வயது முப்பத்தைந்து. இரண்டு பிள்ளைகள். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். முதலில் தூக்கம் போயிற்று. பிறகு யாரோ தன்னைத் திட்டுவது போல் காதில் ஒரு குரல். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒரு குவார்ட்டர் போட்டால் குரல் அடங்குகிறது, கண்ணும் அசருகிறது. ஆறு மாதத்தில் ஒரு குவார்ட்டர் இரண்டாகிறது. சம்பளக் கவர் வீடு வந்து சேருவதில்லை.

மனைவி அவரை மனநோய் டாக்டரிடம் அழைத்துப் போகிறாள். வாயில் வாடை. "முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மைத்துனர் கடன் வாங்கிப் போதை மீட்பு இல்லத்தில் சேர்க்கிறார். அங்கே ஒரு மாதம் ஒரு சொட்டுக் கூட இல்லை. ஆனால் குரல் போகவில்லை. இன்னும் பலமாகக் கேட்கிறது. சொன்னால், "அதெல்லாம் குடி தெளிகிற கோளாறு, சரியாகிவிடும்" என்கிறார்கள். வீடு திரும்பிய பத்தாம் நாள் ஒயின் ஷாப் வாசலில் நிற்கிறார்.

உடனே உறவினர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "இவனுக்கு எவ்வளவு செலவு செய்தும் திருந்தவில்லை." திருந்தாதது யார்? அவர் வயிற்றிலிருந்த பிராந்தியை ஒரு வாசலில் இறக்கினார்கள். மனசிலிருந்த நோயை இன்னொரு வாசலில் பார்க்க மறுத்தார்கள். மனைவியின் பையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்த டாக்டர் ஒருவரும் இல்லை.

முதலில் வந்தது எது?

மனநோயால் குடி வந்ததா, குடியால் மனநோய் வந்ததா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. இரண்டும் நடப்பது உண்டு என்பதே டாக்டர்கள் சொல்லும் பதில். சோர்வு, பயம், தூக்கமின்மை, காதில் குரல் இவற்றைத் தணிக்கக் குடிப்பவர்கள் உண்டு. குடி முதலில் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். மறுநாள் சோர்வு அதிகமாகும். அதைத் தணிக்க மறுபடி குடி. இன்னொரு பக்கம், வருஷக்கணக்காகக் குடித்தே மனச்சோர்வும் பிரமையும் வந்தவர்களும் உண்டு. இந்தச் சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நாலு வாரங்களில் பலருக்குத் தானாகவே குறையும். குறையாவிட்டால், அது தனி நோய் என்று வைத்து மருந்து கொடுக்க வேண்டும்.

ஆனால், எது முதல் என்று கண்டுபிடிக்கும் வரை சிகிச்சையைத் தள்ளிப் போடக்கூடாது. வீடு எரியும்போது அடுப்பிலிருந்து பற்றியதா, விளக்கிலிருந்து பற்றியதா என்று பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. அதிலும், "நான் இருந்து என்ன பயன்?" என்று பேசுகிறவர் விஷயத்தில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. மனச்சோர்வும் குடியும் சேர்ந்த இடத்தில்தான் தற்கொலை பயம் அதிகம்.

கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஐந்து இடங்களில் சுமார் 20 ஆயிரம் பேரை விசாரித்து எடுத்த கணக்கு ஒன்று 1990-ல் வெளியாயிற்று. மதுவால் நோயுற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் வேறொரு மனநோயும் இருந்ததாக அது சொன்னது. மனச்சிதைவு என்னும் கடும் மனநோய் உள்ளவர்களில் 47 சதவீதம் பேர் மதுவாலோ வேறு போதைப் பொருளாலோ பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது அபூர்வம் இல்லை. வாசலில் வந்து நிற்கும் நோயாளிகளில் பெரும் பங்கு அவர்கள்தான்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மதுவால் நோயுற்றவர்களில் சுமார் 86 சதவீதம் பேர் சிகிச்சை பெறவே இல்லை. மத்திய சமூக நீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு இன்னும் திடுக்கிட வைக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இத்தனை பேரைத் தாண்டி வாசல் வரை வந்துவிட்ட ஒருவரை "அந்த வாசலுக்குப் போ" என்று திருப்பி அனுப்பினால், அவர் நேரே ஒயின் ஷாப்புக்குத்தான் போவார்.

பிரித்து வைத்தது எது?

இது டாக்டர்களின் குற்றம் மட்டும் அல்ல. ஏற்பாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 1982-ல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மீட்பு இல்லங்களுக்கு மானியம் தருவது சமூக நீதித் துறை. டெலிபோனில் உதவி கேட்பதற்கும் இரண்டு எண்கள். மனசு சரியில்லை என்றால் 14416. போதைப் பழக்கம் என்றால் 14446. ஐந்து இலக்கங்களில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். இரண்டும் உள்ளவன் எதைச் சுழற்றுவது?

போதை மீட்பு இல்லங்களைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. குடியை விட்டவர்களே பொறுப்பேற்று நடத்தும் இல்லங்கள் பல குடும்பங்களை மீட்டிருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடி ஒரு நோய் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரிய வைத்தது. கண்டிக்க வேண்டியது வேறு. மனநோய் டாக்டர் எட்டிப் பார்க்காத இல்லங்கள் உண்டு. "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று சொல்லி, வந்தவரின் மனநோய் மாத்திரைகளைப் பிடுங்கி வைக்கும் இல்லங்களும் உண்டு. குடியை விட்டவர்களின் கூட்டமைப்புகளில் மூத்ததான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்ல உறுப்பினர் எவருக்கும் உரிமை இல்லை என்றே சொல்கிறது.

ஒரே கூரையின் கீழ்

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் என்ன? ஒரே டாக்டர் குழு, ஒரே சீட்டு, ஒரே சமயம். அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள் உடம்புக்கு உரியவை. தினமும் பலமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி மாறாட்டம் வந்து, இல்லாத பூச்சியையும் ஆளையும் காட்டிப் பேசுவார். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்துக் கட்டிப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயிரையே கொண்டு போகக்கூடிய நிலை இது. வீட்டு அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு. மூளை கெடாமல் காக்க பி-1 வைட்டமின் ஊசி உண்டு.

அந்த நாட்களிலேயே மனசையும் விசாரிக்க வேண்டும். குடி வருமுன் தூக்கம் எப்படி இருந்தது? குடிக்காத மாதங்களிலும் குரல் கேட்டதா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா? இதற்கெல்லாம் மனைவியோ தாயோதான் பதில் சொல்ல முடியும். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கான மருந்தைக் குடி நிறுத்தும் மருந்தோடு சேர்த்தே தொடங்கலாம். பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், தொடர்ந்து வரவழைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் விரட்டக்கூடாது. சர்க்கரை நோயாளி லட்டுத் தின்றுவிட்டான் என்பதற்காக எந்த டாக்டரும் அவன் சீட்டைக் கிழிப்பதில்லை.

எந்த ஆலோசனை முறை சிறந்தது என்பதில் நிபுணர்களுக்குள் வாதம் இருக்கிறது. ஆனால் திருப்பி அனுப்புவது தவறு என்பதில் வாதம் இல்லை. இங்கிலாந்தில் 2011-ல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டி, போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி மனநோய் சிகிச்சையை மறுக்கக்கூடாது, மனநோயைக் காரணம் காட்டிப் போதை சிகிச்சையையும் மறுக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. ஓசூர் ரோட்டில், 1974-ல் பழைய அரசு மனநோய் ஆஸ்பத்திரியையும் அகில இந்திய மனநல நிலையத்தையும் இணைத்து உருவாக்கிய நிம்ஹான்ஸில், மனநோய்ப் பிரிவும் போதை சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. கூட்டம் அதிகம்தான். ஒரு நாள் சம்பளம் போகும்தான். ஆனால் பத்து இடத்துக்கு அலைந்து இழக்கும் பணத்தை விட அது குறைவு.

தெரியாமல் கொடுக்கும் மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரத்தைச் சுவர்களிலும் பஸ் நிலையங்களிலும் பார்க்காதவர் இல்லை. குடியை வெறுக்க வைக்கும் டைசல்பிராம் என்ற மாத்திரையை, நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்து வரலாம். மனநோய் உள்ளவருக்கு அது நோயைக் கிளறிவிடவும் கூடும். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. பாசத்தால் செய்கிற காரியம் கொலையில் முடியக்கூடாது.

மனநோய் மாத்திரை விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. குடித்த நாளில் மாத்திரை வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். தினமும் குடிப்பவருக்கு இதன் அர்த்தம், மாத்திரையே இல்லை என்பதுதான். சில தூக்க மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். குடித்துவிட்டால் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருளால் வரும் மனக் கோளாறுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் இரண்டு வாசல் இல்லை. அரசு நடத்தும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட கால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தரும் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிப் பட்டியலில் மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்றவையும் உண்டு. உரிய காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும், டாக்டர் நோயின் பெயரை எழுதித் தர வேண்டும். சீட்டில் "குடி" என்று மட்டும் எழுதினால், அந்த உதவிக்கு வழியே திறக்காது.

அரசு அலுவலக குமாஸ்தாக்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. பணிக் காலத்தில் ஊனமுற்ற ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம். அந்தப் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. நடப்பதோ வேறு. வராத நாட்களுக்கு மெமோ, பிறகு குற்றச்சாட்டு, பிறகு விசாரணை. பைல் முழுவதும் "குடித்துவிட்டு வந்தார்" என்று இருக்கும். "மனநோய் உள்ளவரா என்று பரிசோதிக்கப்பட்டார்" என்று ஒரு வரி இருக்காது. ரயிலோ பஸ்ஸோ ஓட்டுகிறவர் குடித்தால் அதில் தாட்சண்யம் கூடாது; பிறர் உயிர் சம்பந்தப்பட்டது. அவரை வண்டியிலிருந்து இறக்குவது அவசியம். இறக்கியவரை டாக்டரிடம் அனுப்புவதும் அவசியம்.

பாஷை தெரியாத ஊரில்

பிழைக்க வந்த ஊரில் நோய் வந்தால் கஷ்டம் இரட்டிப்பு. வயிற்று வலியைக் கையால் தொட்டுக் காட்டலாம். மனசின் வலியைத் தாய்மொழியில்தான் சொல்ல வரும். "ஒரு மாதிரி இருக்கு, படபடன்னு வருது, யாரோ பேசற மாதிரி இருக்கு" என்பதைத் தெரியாத பாஷையில் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாதவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வாடை மட்டும் பேசும். டாக்டரும் அதையே எழுதிக்கொள்வார்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பேசும்போது பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கக்கூடாது. குடியையும் சொல்ல வேண்டும், குரலையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தமிழும் கன்னடமும் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது பெரிய உபகாரம். தமிழ்ச் சங்கங்களும் யூனியன்களும், விழாவுக்கு மேடை போடும் சிரமத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் போதும். வாரம் ஒரு நாள் துணைக்குப் போக நாலு பேர் பெயர் கொடுக்கலாம்.

பலர் முதலில் நினைப்பது ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரித்து வருவதைத்தான். நேர்ந்துகொள்வதில் குற்றமில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்த காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டதை மறக்கக்கூடாது. அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களும் குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள். கோயிலுக்குப் போகலாம், தர்காவுக்குப் போகலாம். சட்டைப் பையில் மாத்திரையும் போக வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

"தானாகக் குடித்துக் கெட்டவனுக்கு எதற்கு இத்தனை உபசாரம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கிளாஸைத் தானாகத்தான் எடுத்தார், மறுப்பதற்கில்லை. அடித்த அடியையும் விற்ற நகையையும் மனைவி மறந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோய் தீராமல் குடி தீராது, குடி தீராமல் நோய் தீராது. இதில் கோபம் யாருக்கும் மருந்தாகாது. அவர் குணமானால் சம்பளக் கவர் வீடு வரும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. மானியம் வாங்கும் ஒவ்வொரு போதை மீட்பு இல்லத்துக்கும் மனநோய் டாக்டர் வாரம் ஒரு முறையாவது வர வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மனநலப் பிரிவிலும் குடியைப் பற்றியும் கேட்டு, அங்கேயே மருந்து தர வேண்டும். இரண்டு சீட்டை ஒரு சீட்டாக்க வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். இன்று இரவு வண்டியில் கதவோரம் ஒருவர் நின்று பேசிக்கொண்டு வந்தால் நகர்ந்துகொள்ள வேண்டாம். முதலில் கதவை விட்டு உள்ளே கூட்டி வந்து உட்கார வையுங்கள். "ஏன் குடிச்சே?" என்று கேட்க வேண்டாம். "அண்ணே, நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் சிகிச்சை தொடங்குகிறது.